எழுதாத தெரிவு மாறும்போது: கோப்பு முறைமைக் குறிப்புகளைப் பிழையின்றி வைத்திருப்பது பற்றி

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலான கேர்னலின் 4.13ஆம் பதிப்பு 2017 செப்டெம்பரில் வெளிவந்தது. அதற்கு மாறிய கணினிகள் சிலவற்றில், அதுவரை ஒழுங்காக இயங்கிவந்த ஒரு கட்டளை வேலை செய்யாமல் போனது. வலையமைப்பில் உள்ள பழைய சேமிப்புப் பெட்டியொன்றின் கோப்புறையை, கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி நெறிமுறை வழியாக ஏற்றும், அதாவது கணினியோடு இணைத்துப் பாவனைக்குக் கொண்டுவரும், கட்டளை அது. கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கடவுச்சொல்லும் மாறவில்லை, பெட்டியின் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் தோன்றிய 112ஆம் இலக்க வழுச்செய்தி, எதிர்முனைக் கணினி இயங்கவில்லை என்று சொன்னது. உண்மையில், நெறிமுறையின் எந்தப் பதிப்பைப் பேசுவது என்று பயனர் சொல்லாமல் விட்ட இடத்தில் கேர்னல் அதுவரை 1.0ஐத் தெரிந்துவந்தது, பாதுகாப்புக் கருதி 4.13இலிருந்து 3.0ஐத் தெரியத் தொடங்கியிருந்தது. முதற் பதிப்பை மட்டுமே அறிந்த பெட்டிக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை.

அந்தக் கட்டளைக்குரிய கையேட்டுப் பக்கத்தில் இன்று இந்த வரலாறு முழுவதும் சில வரிகளில் இருக்கிறது. 4.13க்கு முந்திய கேர்னல்களில் இயல்புநிலை, அதாவது பயனர் எதையும் சொல்லாதபோது கணினி தானாகத் தெரிவது, 1.0, 4.13 முதல் 4.13.5 வரையான இடைவெளியில் 3.0, 4.13.5 முதல், இரு முனைகளும் பேசி 2.1 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்புகளில் இயன்ற உயர்ந்ததைத் தெரிந்துகொள்ளும். சில கிழமைகள் மட்டுமே நிலைத்த ஓர் இடைநிலையைக்கூட அந்தப் பக்கம் விட்டுவிடவில்லை. எந்தக் கேர்னலோடு உட்கார்ந்திருப்பவரும் தம் கணினியின் நடத்தையை அதிலிருந்து அறிந்துகொள்ளலாம். ஆவணம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் துணிபு. ஆனால் நம் கைகளில் புழங்கும் குறிப்புகள் பெரும்பாலும் இப்படி இல்லை.

வன்னியில் இந்த விடயத்துக்குத் தனிக் கனம் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பாடசாலைக் கணினி ஆய்வுகூடங்களில் ஒரே ஆண்டில், ஒரே வகையில் வாங்கப்பட்ட கணினிகளைக் காண்பது அரிது. நன்கொடையாக வந்த பழைய கணினியும் பின்னர் கிடைத்த புதிய மடிக்கணினியும் ஒரே மேசையில் இருக்கும். வன்தட்டுகளும் பென்டிரைவுகளும் ஏ9 வீதியில் மேலும் கீழும் பயணம் செய்யும். எவரோ ஓர் ஆசிரியர் அக்கறையோடு தமிழில் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு போட்டோப் பிரதியாகவும் வாட்ஸ்அப்பில் பீடிஎஃப் ஆகவும் ஆண்டுக்கணக்கில் கைமாறும். எழுதியவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார், குறிப்பு நிற்கும். அதில் எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்ற விவரம் இல்லாவிட்டால், பிழை எழுத்தில் இருக்கிறதா கணினியில் இருக்கிறதா என்று மாணவரால் சொல்லமுடியாது.

இத்தகைய குறிப்புகள் ஏன் எளிதில் காலாவதியாகின்றன என்பதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. கட்டளையொன்றை விளக்கும்போது நாம் தட்டச்சு செய்கின்ற சொற்களை எழுதுகிறோம். தட்டச்சு செய்யாமல் விடுகின்ற தெரிவுகளை எழுதுவதில்லை. இயல்புநிலை என்பது முழுக்க முழுக்க அந்த விடுபட்ட பகுதியில்தான் வாழ்கிறது. கட்டளை மாறினால் வழுச்செய்தி வரும், எவராவது குறிப்பைத் திருத்துவார். இயல்புநிலை மாறினால் அதே கட்டளை வழுவில்லாமல் ஓடி வேறொரு விளைவைத் தரும். அந்த வேற்றுமை பல மாதம் கழித்து, மின்சாரம் நின்ற ஒரு பொழுதிலோ வன்தட்டை வேறொரு கணினியில் பொருத்தும்போதோதான் வெளிப்படும்.

தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைகளைப் பொறுத்தவரை, ஓர் இயல்புநிலை எப்போது தீர்மானமாகிறது என்ற கேள்வியைக் குறிப்பு எழுதுபவர் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். சில தெரிவுகள் வன்தட்டை ஃபோர்மட் செய்யும் கணத்தில் தட்டிலேயே பொறிக்கப்பட்டுவிடும். அதன் பின் மென்பொருளை எத்தனை முறை இற்றைப்படுத்தினாலும் அவை தாமாக மாறா. சில தெரிவுகள் ஒவ்வொரு முறையும் கோப்பு முறைமையை ஏற்றும்போது தீர்மானமாகின்றன. கேர்னலை மாற்றியதும் அவையும் மாறும். இந்த இரண்டையும் பிரிக்காமல் “இயல்புநிலை இதுதான்” என்று எழுதும் வாக்கியம், எழுதிய அன்றுகூட அரைகுறை உண்மையே.

ஃபோர்மட் வேளையில் பொறிக்கப்படும் தெரிவுகளுக்கு எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமை நல்ல எடுத்துக்காட்டு. அதனை உருவாக்கும் கருவிகள் ஈ2எஃப்எஸ்புரொக்ஸ் என்ற தொகுப்பில் வருகின்றன. 2016இல் வந்த 1.43ஆம் பதிப்பிலிருந்து, தட்டின் உள்விவரங்களுக்கு, பழுதைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்புத் தொகை சேர்க்கும் அம்சமும் 64 பிட் முகவரி அம்சமும் கேட்காமலே இயக்கப்பட்டன. 2023 தொடக்கத்தில் வந்த 1.47.0ஆம் பதிப்பு மேலும் இரண்டு அம்சங்களை இயல்புநிலைக்குக் கொண்டுவந்தது. ஒன்று, நீக்கப்பட்டும் மூடப்படாத கோப்புகளின் பட்டியலைத் தனிக் கோப்பில் வைப்பது. மற்றது, சரிபார்ப்புத் தொகைக்கான வித்தைத் தட்டின் அடையாள எண்ணிலிருந்து பிரித்துத் தனியே பதிந்துவைப்பது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் முதலாவதை அறியாத பழைய பரிசோதனைக் கருவியிடம் அந்தத் தட்டைக் கொடுத்தால், ‘சி12’ என்ற இலக்கமிட்ட அம்சம் தனக்குத் தெரியாது, புதிய பதிப்பைக் கொண்டு வா என்று சொல்லி அது நின்றுவிடும். இரண்டாவதை அறியாத பழைய குரப் தொடக்கநிரலுக்கு அந்தத் தட்டில் இருப்பது கோப்பு முறைமை என்றே தெரியாது.

கிளிநொச்சியில் ஒரு புதிய மடிக்கணினியில் ஃபோர்மட் செய்த வன்தட்டை மல்லாவியில் உள்ள பழைய கணினிக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் ஒரே குறிப்பு, ஒரே கட்டளை. அங்கே தட்டு ஏறி இயங்கினாலும், பரிசோதனை வேளையில் அந்தக் கணினி மறுக்கும். தட்டு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி அதை ஒதுக்குவதற்குப் போதுமான காட்சி இது. குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்: பழைய கணினிக்குப் போகும் தட்டாயின் இந்த இரண்டு அம்சங்களையும் அணைத்து ஃபோர்மட் செய்க. கேர்னலையும் கருவிகளையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான டெபியனின் 12ஆம் வெளியீட்டில், ஈ2எஃப்எஸ்புரொக்ஸைப் பொதிசெய்தவர்களே இவ்விரண்டையும் இயல்புநிலையில் அணைத்துத்தான் கொடுத்தார்கள். ஆகவே மூலத் திட்டத்தின் ஆவணம் ஒன்றைச் சொல்ல, டெபியன் பயனரின் கணினி வேறொன்றைச் செய்தது, இரண்டுமே பிழையில்லை. எக்ஸ்ட்4இன் இந்தத் தெரிவுகள் ஒரு சாதாரண உரை அமைவுக் கோப்பில் இருப்பவை, விநியோகம் விரும்பினால் அதைத் திருத்தலாம். எனவே “ஈ2எஃப்எஸ்புரொக்ஸ் 1.47 முதல்” என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அந்த அமைவுக் கோப்பைத் திறந்து பார்க்கும்படியும் குறிப்புச் சொல்லவேண்டும்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையை உருவாக்கியவர்கள் இதே சிக்கலுக்கு இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். நீண்டகால ஆதரவுள்ள ஒவ்வொரு கேர்னலுக்கும் ஏற்ற தெரிவுத் தொகுதிகளைத் தனித்தனி அமைவுக் கோப்புகளாகத் தொகுப்போடு சேர்த்தே தருகிறார்கள். பழைய கேர்னலுக்குப் போகவேண்டிய தட்டை அந்தக் கேர்னலுக்குரிய கோப்பைக் காட்டி ஃபோர்மட் செய்யலாம். பழைய இயல்புநிலை என்ன என்பதை விளக்கும் ஆவணமும் அதைத் திரும்பப் பெறும் கருவியும் அங்கே ஒன்றாகிவிட்டன. கலப்புக் கணினிகளோடு வேலை செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஏற்றும் வேளையில் தீர்மானமாகும் தெரிவுகளுக்கு வருவோம். ஒரு கோப்பைக் கடைசியாக எப்போது வாசித்தோம் என்ற நேரத்தை யுனிக்ஸ் மரபில் ஒவ்வொரு வாசிப்பின்போதும் தட்டில் பதிவார்கள். வாசிப்பு ஒவ்வொன்றும் ஓர் எழுத்து வேலையைக் கூட்டிவிடுவதால் இது வீண் சுமை. 2009 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் ‘ரெல்ஏடைம்’ என்ற நடத்தை இயல்புநிலையாயிற்று. அதன்படி, பழைய வாசிப்பு நேரம் கோப்பின் கடைசி மாற்ற நேரத்துக்குப் பிந்தியதாக இல்லாவிட்டாலோ, அது 24 மணித்தியாலத்துக்கு மேல் பழையதாக இருந்தாலோ மட்டுமே புதிய நேரம் பதியப்படும். பழைய நடத்தை வேண்டுமானால் ‘ஸ்ட்ரிக்ட்ஏடைம்’ என்று எழுதிக் கேட்கவேண்டும். இன்றும் பல பாடக்குறிப்புகளில் “கோப்பை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நேரம் மாறும்” என்ற வாக்கியம் இருக்கிறது. ஒரு மாணவி அதை நம்பி, கோப்பொன்றைத் திறந்து மூடி, பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்து பார்த்தால் நேரம் அசையாமல் நிற்கும். தான் செய்ததில்தான் ஏதோ பிழை என்று அவள் நினைப்பாள். பாடம் கற்பவரின் தன்னம்பிக்கையைக் குறிப்பொன்று குலைப்பது எனக்குச் சிறு விடயமாகத் தோன்றவில்லை.

அதே 2.6.30இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஆவணம் எழுதுவோருக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. எக்ஸ்ட்3 கோப்பு முறைமை அதுவரை, கோப்பின் தரவைத் தட்டில் எழுதிய பின்னரே அதன் விவரங்களைப் பதியும் ஒழுங்குமுறையை இயல்புநிலையாகக் கொண்டிருந்தது. 2.6.30இல் அந்த ஒழுங்கைக் கட்டாயப்படுத்தாத, வேகமான முறை இயல்புநிலையாக்கப்பட்டது. 2010 ஒக்டோபரில் வந்த 2.6.36இல் மீண்டும் பழைய முறையே திரும்பியது. வேகமான முறையில் திடீரென மின்சாரம் நின்றால், சற்று முன் நீட்டப்பட்ட கோப்பின் உள்ளே அந்த இடத்தில் முன்பு கிடந்த வேறு தரவு தென்படக்கூடும். “எக்ஸ்ட்3 இயல்பாகவே ஒழுங்குமுறையில் இயங்கும்” என்ற வாக்கியம் முதலில் சரி, இடையில் ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் பிழை, பின்னர் மறுபடியும் சரி. போதாததற்கு, இது கேர்னலைக் கட்டும்போது தெரிவு செய்யக்கூடிய அமைவு ஆகையால், விநியோகத்துக்கு விநியோகம் விடை மாறியது. 2015இல் 4.3ஆம் பதிப்போடு எக்ஸ்ட்3க்கான தனி நிரலே கேர்னலிலிருந்து நீக்கப்பட்டு, அந்தத் தட்டுகளை எக்ஸ்ட்4 நிரல் கவனிக்கத் தொடங்கியது.

மின்சாரம் பற்றி இங்கே சொல்லாமல் இருக்கமுடியாது. போருக்குப் பின்னரே தேசிய மின்கட்டம் மீண்டும் எட்டிய ஊர்கள் வன்னியில் நிறைய. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அது இல்லாத ஆண்டுகளிலும் ஐப்பசி இடிமின்னல் இருக்கிறது. யுபிஎஸ் பற்றரி இறந்துபோன ஆய்வுகூடத்தில், எழுதிய தரவு எப்போது உண்மையாகத் தட்டைச் சேர்கிறது என்பது வேகத்தைவிட முக்கியமான கேள்வி. அந்தக் கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் ஓர் இயல்புநிலையே தீர்மானிக்கிறது.

என்எஃப்எஸ் என்ற வலையமைப்புப் பகிர்வு முறை வழியாகக் கோப்புறையைப் பகிரும் சேவையகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கருவித் தொகுப்பான என்எஃப்எஸ்-யூட்டில்ஸ் 1.0.0 வரை, தரவு தட்டைச் சேருமுன்னரே “எழுதிவிட்டேன்” என்று சேவையைப் பெறும் கணினிக்குப் பதில் சொல்லும் முறையே இயல்புநிலை. அதற்குப் பிந்திய வெளியீடுகளில், தட்டைச் சேர்ந்த பின்னரே பதில் சொல்லும் முறை இயல்புநிலையாயிற்று. கையேட்டுப் பக்கம் இதைப் பதிப்பு எண்ணோடு சொல்கிறது. அதைவிட நல்ல காரியம், இரண்டில் எதையும் எழுதாமல் விட்டவருக்குப் பகிர்வுக் கருவியே எச்சரிக்கை காட்டியது. உட்கோப்புறைச் சரிபார்ப்புத் தெரிவு 1.1.0இல் மாறியபோதும் அவர்கள் அப்படியே செய்தார்கள். கையேட்டைத் திறக்காதவருக்கும் செய்தி சேர்ந்தது. ஆவணத்தால் மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்ற இயலாது என்பதை உணர்ந்தவர்களின் வேலை அது.

இத்தனை கவனம் எல்லா இடத்திலும் ஏன் இல்லை என்றால், நடத்தையும் விவரிப்பும் வெவ்வேறு வீடுகளில் வசிக்கின்றன. ரெல்ஏடைம் நடத்தை கேர்னலுக்குள் இருக்கிறது. அதை விவரிக்கும் பக்கம் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் இருக்கிறது. எஸ்எம்பி நடத்தை கேர்னலில், அதன் பக்கம் சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸில். எக்ஸ்ட்4க்குக் கேர்னல் ஆவணத்தில் ஒரு பக்கம், ஈ2எஃப்எஸ்புரொக்ஸில் இன்னொரு பக்கம். ஒன்றில் திருத்தம் செய்பவரின் கண்ணில் மற்றது படாமல் போவது வியப்பில்லை. யூட்டில்-லினக்ஸின் பக்கம் இதை நேர்மையாகவே ஒப்புக்கொள்கிறது: இயல்புநிலைத் தெரிவுகளின் பட்டியலைத் தந்துவிட்டு, உண்மையான முழுத் தொகுதி கேர்னலையும் கோப்பு முறைமை வகையையும் பொறுத்தது என்று அடுத்த வரியிலேயே சொல்கிறது.

பதிப்பு எண் எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடுமா? பாதி தீரும். ரெட் ஹாட் போன்ற விநியோகங்கள் ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுவதும் கேர்னலின் அடிப்படை எண்ணை மாற்றாமல், புதிய மாற்றங்களை மட்டும் உள்ளே கொண்டுவந்து சேர்க்கின்றன. எண் பழையது, நடத்தை புதியது. ஆகவே ஒவ்வொரு கூற்றின் அருகிலும் அதைக் கணினியிடமே கேட்டறியும் வழியும் இருக்கவேண்டும். ஏற்றிய கோப்பு முறைமைகளைக் காட்டும் ‘ஃபைண்ட்எம்என்டி’ கட்டளையை ஓட்டினால், எவரும் எழுதாத ரெல்ஏடைம் என்ற சொல் தெரிவுகளின் வரிசையில் வெளிப்படையாக நிற்பதைக் காணலாம். ஆனால் எக்ஸ்ட்4 அதே இடத்தில் தன் இயல்புநிலையோடு ஒத்த தெரிவுகளைக் காட்டாது. தரவை எந்த ஒழுங்கில் எழுதுகிறது என்பது அங்கே இராது. அதைக் காண ‘புரொக்’ கோப்புறையின் கீழ் எக்ஸ்ட்4க்கென உள்ள பகுதியில், அந்தத் தட்டின் பெயரில் இருக்கும் தெரிவுக் கோப்பை வாசிக்கவேண்டும். கணினியின் அறிக்கைகூட, சொல்லாமல் விட்டதைச் சொல்லாமலே விடுகிறது என்பதைக் குறிப்பு எழுதுபவர் அறிந்திருக்கவேண்டும்.

விண்டோஸிலும் நிலைமை வேறில்லை. 1809 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10, கழற்றக்கூடிய தட்டுகளுக்கு ‘விரைவு அகற்றல்’ கொள்கையை இயல்புநிலையாக்கியது. அதாவது எழுதவேண்டியதை நினைவகத்தில் சேர்த்துவைக்காமல் எழுதிவிடும். அதற்கு முன் இருந்தது வேகத்துக்கு முதலிடம் தரும் கொள்கை. ஆய்வுகூடச் சுவர்களில் ஒட்டியிருக்கும் “பாதுகாப்பாக அகற்றிய பின்னரே பென்டிரைவைக் கழற்றவும்” என்ற அறிவித்தலை இதற்காகக் கிழித்தெறியவேண்டியதில்லை. அதே பென்டிரைவ் அடுத்த மேசையில் லினக்ஸ் கணினியில் ஏறும், அங்கே எழுத்து நினைவகத்தில் காத்திருக்கும். கொள்கையை எவராவது மாற்றியும் வைத்திருக்கலாம். அறிவுரை நிற்கட்டும், “விண்டோஸ் எப்போதும் தரவைத் தேக்கி வைக்கும்” என்று அதன் கீழ் எழுதிய காரணத்தைத்தான் திருத்தவேண்டும்.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. மென்பொருள் மொழிபெயர்ப்பில் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில், மூல வாக்கியம் மாறினால் அதன் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஃபஸி’ என்ற குறி விழும். மொழிபெயர்ப்பாளர் பார்த்து ஒப்புதல் தரும்வரை அது பயனர் முன் வராது. கையேட்டுப் பக்கங்களின் மொழிபெயர்ப்பிலும் இதையே பயன்படுத்துகிறார்கள். நாம் கையால் எழுதும் குறிப்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. மூலப் பக்கத்தின் பெயரையும் அதன் பதிப்பையும், கடைசியாகச் சரிபார்த்த மாதத்தையும் தாளின் தலைப்பில் எழுதிவைப்பதே நம்மால் இயன்ற மாற்று.

சரிபார்ப்பைச் சுமையாக்கவும் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் உள்ள கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினியோடு பழகிய மாணவர்கள் இருக்கிறார்கள். மெய்நிகர் கணினியொன்றில் ஒரு மாலைப்பொழுது போதும். வெற்றுக் கோப்பொன்றைத் தட்டாகப் பாவித்து, குறிப்பில் உள்ள கட்டளைகளை வரிசையாக ஓட்டி, ஒவ்வொன்றின் வெளியீட்டையும் சேமித்துவைக்கவேண்டும். அடுத்த பதிப்பு வரும்போது அதையே மறுபடி ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டால், மாறிய வரிகள் தாமே முன்வரும். 100 எம்பி அளவுக் கோப்பில் எக்ஸ்எஃப்எஸ் உருவாக்கும் பழைய பயிற்சி, அதன் கருவித் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்புரொக்ஸ் 5.19 முதல் கோப்பு முறைமை 300 எம்பியைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்ற மறுப்போடு நின்றுவிடும். வகுப்பில் முப்பது பிள்ளைகள் முன்னால் இது தெரியவருவதைவிட முதல் நாள் மாலையில் தெரியவருவது நல்லது.

இன்றே எழுதிவைக்கக்கூடிய ஒரு திருத்தமும் இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸின் 4ஆம் வடிவத்துக்கான ஆதரவு 2030 செப்டெம்பரில் முற்றாக நீக்கப்படும் என்றும், 2025 செப்டெம்பரில் இருந்து அது கேர்னல் அமைவின் இயல்புநிலையில் அணைக்கப்படும் என்றும் உருவாக்குநர்கள் முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். 2015இல் வந்த எக்ஸ்எஃப்எஸ்புரொக்ஸ் 3.2.3க்கு முன்னர், தெரிவு எதுவும் எழுதாமல் ஃபோர்மட் செய்த தட்டுகள் அந்த வடிவத்தைச் சேர்ந்தவை. 2014இல் வந்த சென்ட்ஓஎஸ் 7 விநியோகத்தின் முதல் வெளியீட்டைக் கொண்டு நிறுவிய சேவையகங்கள் எங்காவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அவையும் இதில் அடங்கும். ‘எக்ஸ்எஃப்எஸ்_இன்ஃபோ’ கட்டளையின் வெளியீட்டில் ‘சிஆர்சி’ என்பதற்கு நேரே 0 இருந்தால் அது 4ஆம் வடிவம். இருக்கும் இடத்திலேயே 5ஆம் வடிவத்துக்கு மாற்றும் கருவி கிடையாது. தரவை வேறொரு தட்டுக்கு நகலெடுத்து, புதிதாக ஃபோர்மட் செய்து, திரும்பக் கொண்டுவரவேண்டும். எக்ஸ்எஃப்எஸ் பற்றிய எந்தத் தமிழ்க் குறிப்பிலும் இந்த நான்கு விவரங்களையும், திகதிகள் உட்பட, இப்போதே சேர்த்துவிடலாம்.